நோட்டில் ஏறாத ஷிப்ட்

பனியன் கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். மங்கலம் நால்ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் மாடியில் ஓர் அறை. கீழே விசைத்தறிக் கூடம் இருப்பதால் மேஜை எப்போதும் லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும். தறி நின்றுபோனால்தான் எனக்குக் கவனம் கலையும். கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், அயர்ன், கைமடி என்று யாருக்கு எத்தனை ஷிப்ட், எத்தனை பீஸ், அட்வான்ஸில் எவ்வளவு பிடித்தம் என்பதெல்லாம் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் தயாராக வேண்டும். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். இரவு வரை நீண்டால் ஒன்றரை. திருப்பூர்க்காரர்களிடம் போன வாரம் எப்படி இருந்தது என்று கேட்டால், பெரும்பாலும் ஷிப்ட் எண்ணிக்கையில்தான் பதில் வரும்.

மாதம் பிறந்தால் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) வேலை. 2019 ஜூலையிலிருந்து ஈ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி பங்கு முக்கால் சதவீதம், கம்பெனி பங்கு மூன்றேகால் சதவீதம். மாதம் 12,000 ரூபாய் வாங்கும் டெய்லர் ஒருவருக்கு அவர் சம்பளத்தில் 90 ரூபாய் பிடித்து, கம்பெனி 390 ரூபாய் சேர்த்துக் கட்டும். அதற்கு முன்பு இதே சம்பளத்துக்கு 210-ம் 570-ம் கட்டிக்கொண்டிருந்தோம். நம் பக்கத்துக்கு ஈ.எஸ்.ஐ. புதிதல்ல. 1952-இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய திட்டம் 1955-லேயே கோவை மில் தொழிலாளர்களிடம் வந்துவிட்டது. நான் இத்தனை வருடம் சலான் போட்டிருக்கிறேனே தவிர, போட்ட பிறகு அந்த 480 ரூபாய் எங்கே போய் எந்தப் பேரேட்டில் ஏறுகிறது என்று நினைத்துப் பார்த்ததில்லை. நினைக்க வைத்தவள் மகள்.

அவள் கோவையில் எம்.ஏ. பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தாள். 2024 செப்டம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் இரண்டு ஆண்டுகளுக்கான தேசிய சுகாதாரக் கணக்கை ஒன்றாக வெளியிட்டது: 2020-21, 2021-22. அதை வைத்து ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று அச்செடுத்துக்கொண்டு வந்தாள். ஏழெட்டு பக்கம் அட்டவணை. கணக்குப்பிள்ளைக்கு அட்டவணையைக் காட்டினால் சும்மா இருப்பானா? வாங்கிப் பார்த்தேன்.

ஒரு நாடு உடம்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆண்டில் மொத்தம் எவ்வளவு செலவழித்தது, அதை யார் கொடுத்தார்கள் என்பதுதான் சாரம். 2021-22-இல் இந்தியாவுக்கு அது 9,04,461 கோடி ரூபாய். தலைக்கு 6,602 ரூபாய். மத்திய அரசின் பட்ஜெட், ஒவ்வொரு மாநிலத்தின் மானியக் கோரிக்கைகள், ஈ.எஸ்.ஐ., ரயில்வே ஆஸ்பத்திரிகள், இன்சூரன்ஸ் கம்பெனிகள் கொடுத்த தொகை எல்லாவற்றையும் பிரித்தெடுத்து, இரண்டு முறை ஏறாமல் பார்த்து, ஒரே இடத்தில் சேர்க்கிறார்கள். வீட்டுக்காரர்கள் கையிலிருந்து போகும் பணத்துக்கு ரசீதுப் புத்தகம் எதுவும் கிடையாது என்பதால், அதற்கு மட்டும் தேசிய மாதிரி ஆய்வு. வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதி, நாடு முழுவதற்கும் பெருக்கிக்கொள்கிறார்கள்.

எனக்குப் பிடித்துப்போன விஷயம் வேறு. ஒரே ரூபாயை இவர்கள் நான்கு விதமாக எழுதுகிறார்கள். யாரிடமிருந்து வந்தது, எந்த ஏற்பாட்டின் வழியாகப் போனது, எந்த இடத்தில் செலவானது, எதற்காகச் செலவானது. நான்கு அட்டவணையிலும் கூட்டுத்தொகை ஒன்றாக வர வேண்டும். ஓ.இ.சி.டி., யூரோஸ்டாட், உலக சுகாதார நிறுவனம் என்ற மூன்று அமைப்புகளும் சேர்ந்து 2011-இல் வகுத்த முறை இது. நம் டெய்லரின் 90 ரூபாய் தொழிலாளர் பங்களிப்பு, 390 முதலாளி பங்களிப்பு, போன வழி சமூகக் காப்பீடு, போய்ச் சேர்ந்த இடம் ஈ.எஸ்.ஐ. மருந்தகம். வசூலானதெல்லாம் இதில் ஏறாது. வைத்தியத்துக்குச் செலவானது மட்டும் ஏறும். மீதி கஜானாவில் தூங்கினால் அது வேறு கணக்கு. சின்னச் சின்ன இடத்திலும் இவர்கள் கறாராக இருப்பதைப் பார்த்தபோது, முகம் தெரியாத ஒரு சக தொழில்காரனைக் கண்ட மாதிரி இருந்தது.

மகள் கேட்டாள். "அப்பா, தாத்தாவுக்குச் செலவு பண்ணுன நோட்டு வெச்சிருக்கீங்களா?"

வைத்திருந்தேன். அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

என் அப்பா தறி ஓட்டியவர். பாவும் நூலும் வெளியிலிருந்து வாங்கி, மீட்டருக்கு இவ்வளவு என்று கூலிக்கு நெய்து கொடுக்கும் சின்னக் கூடங்கள் மங்கலம், சோமனூர், பல்லடம் எங்கும் உண்டு. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கு அப்போது ஈ.எஸ்.ஐ. கிடையாது. அப்பா தன் ஆயுளில் ஓட்டிய கூடங்கள் எல்லாமே பத்துக்குக் கீழே. 2013 கடைசியில் ஒரு விடிகாலை அவருக்குப் பக்கவாதம் வந்தது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வீட்டில் இருந்தது. பதற்றத்தில் நாங்கள் தூக்கிக்கொண்டு ஓடிய ஆஸ்பத்திரி அந்த அட்டை செல்லும் பட்டியலில் இல்லை. அங்கே சில நாள், பிறகு வீட்டில் ஒரு வருடத்துக்கும் மேல். வலது கையும் காலும் திரும்பவில்லை. 2015-இல் போய்விட்டார்.

நாங்கள் மூன்று பேர். பெரியண்ணன் சோமனூரில் கூலித்தறி போட்டிருந்தார். நான் நடுவன். தங்கச்சி கல்யாணமாகி எங்கள் தெருவிலேயே இருந்தாள். ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக். அப்பா படுத்த முதல் நாளே நான் ஒரு நீளநோட்டு வாங்கிச் செலவை எழுதத் தொடங்கினேன். பிறகு மூன்று பேரும் பங்கிட்டுக்கொள்ள வசதியாக இருக்கும் என்பது நான் எல்லோரிடமும் சொன்ன காரணம். சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. வீட்டில் பெரிய முடிவெல்லாம் அண்ணன் எடுப்பார். பணமும் அவரிடம்தான் கொஞ்சம் இருந்தது. நோட்டு என் கையில் இருந்தால் பேச்சு என் பக்கம் திரும்பும். ஒவ்வொரு பில்லையும் ஒட்டி, தேதி போட்டு, பக்கக் கூட்டல் போட்டு வைத்ததில் அப்பா மேல் இருந்த அக்கறை எவ்வளவு, அண்ணனுக்கு முன்னால் கணக்கோடு நிற்கும் சுகம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் நேர்மை அன்று என்னிடம் இல்லை.

அந்த நோட்டைத்தான் மகள் விரித்து வைத்துக்கொண்டாள். தாத்தாவின் செலவை நாட்டின் கணக்கு முறைப்படி பிரித்துப் பார்க்க வேண்டுமாம். விதிமுறைப் புத்தகம் அவள் மடியில், நோட்டு என் மடியில். இரவு வெகுநேரம் ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரி பில் நேராக ஏறியது. ஸ்கேன் ஏறியது. மருந்துக்கடை ஏறியது; பில் இல்லாமல் வாங்கிய மாத்திரையும் ஏறும், ஏனென்றால் வீட்டு ஆய்வில் சொன்னதை எழுதிக்கொள்வார்கள், ரசீது கேட்பதில்லை. ஆம்புலன்ஸ் ஏறியது. அப்பாவை ஏற்றிப்போன ஆட்டோ ஏறும். அப்பாவைப் பார்க்க வந்த அத்தையை பஸ் ஸ்டாண்டில் விட்ட ஆட்டோ ஏறாது. வாக்கர் ஏறும். பிசியோதெரபி ஏறும். எண்ணெய் தடவி நீவிவிட வந்த வைத்தியரும் ஏறுவார். நாட்டு வைத்தியத்தை இந்தக் கணக்கு ஒதுக்குவதில்லை, அது எனக்கு ஆச்சரியம். பண்ணாரி அம்மனுக்கு அம்மா நேர்ந்துவிட்ட கிடா ஏறாது. "கிடாவாலதான் பேச்சு திரும்புச்சுன்னு பாட்டி சொல்லுவாங்க, அதை எந்தக் கட்டத்துல எழுதறது?" என்று சிரித்தாள். துணைக்கு இருந்தவர்கள் சாப்பாடு ஏறாது. அப்பாவுக்காக நான் ஃபைனான்ஸில் வாங்கிய கடனில், அசல் வைத்தியத்துக்குப் போனவரை செலவாக ஏறும். அதற்கு நான் கட்டிய வட்டி ஏறாது. வட்டிதான் கடைசியில் என்னை வாட்டியது.

இத்தனையும் தாண்டி வந்தபோது அவள் கேட்டாள். "அத்தை ஆறேழு மாசம் வேலைக்குப் போகலைன்னு பாட்டி சொல்லுவாங்களே. அது எங்கப்பா இருக்கு?"

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. அப்பாவின் கருமாதி முடிந்த மறுநாள் நடையில் உட்கார்ந்து நான் நோட்டை வாசித்தேன். மொத்தம் இவ்வளவு, மூன்றால் வகுத்தால் தலைக்கு இவ்வளவு, அண்ணன் முன்பே கொடுத்தது கழித்து இவ்வளவு. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. தங்கச்சி வீட்டுக்காரர் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். "ஏனுங் மச்சான், உங்க தங்கச்சி இத்தனை மாசம் மிஷினுக்குப் போகாம மாமனைப் புரட்டிப் போட்டுக்கிட்டு இருந்தாளே, அது எந்தப் பக்கத்துல இருக்குதுங்க?"

"காசாச் செலவானதைத்தானுங்க மாப்ள எழுத முடியும்" என்றேன்.

தங்கச்சி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நான் கேக்கலீங்ணா. ஆனா அவுங்க கேட்டதுல தப்பில்லீங்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் பங்கை அண்ணனே ஏற்றுக்கொண்டார். பிரச்சினை முடிந்தது. எனக்குள் முடியவில்லை. நான் சொன்ன பதில் கணக்கு வழக்கப்படி சரியானது. இன்றும் சரி என்றே சொல்வேன். சரியான பதிலைச் சொன்ன பிறகும் மாப்பிள்ளையின் முகத்தை நேருக்கு நேர் பார்க்கச் சங்கடமாக இருந்ததே, அதற்குக் காரணம் தெரியாமல் பத்து வருடம் ஓடிவிட்டது.

மகள் விதிமுறையைத் தேடிப் படித்துச் சொன்னாள். குடும்பத்தார் சம்பளமின்றிப் பார்த்துக்கொள்வது சுகாதாரச் செலவில் சேராது. வருமான இழப்பு சேராது. ஆய்வுக்கு வருகிறவர்கள் கையில் இருக்கும் படிவத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததால் எவ்வளவு வருமானம் போயிற்று என்ற கேள்வி உண்டு, கேட்டு எழுதிக்கொள்வார்கள், ஆனால் அந்த எண் இந்தக் கூட்டலுக்குள் வராது. நான் நடையில் உட்கார்ந்து சொன்ன அதே பதிலை உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. முதலில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஈ.எஸ்.ஐ. விஷயத்தை இங்கே எண்ணிப் பார்த்தேன். தங்கச்சி ஈ.எஸ்.ஐ. உள்ள கம்பெனியில் இருந்தவள். அவளுக்கே உடம்பு சரியில்லாமல் போயிருந்தால், டாக்டர் சான்றிதழோடு ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வாங்கியிருக்கலாம். படுத்தவருக்கு உண்டு. படுத்தவர் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு அந்தச் சட்டத்தில் ஒரு வரி இல்லை. இதே கையால் அவளுக்கும் நான்தான் சலான் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த மாதங்களில் அவள் பெயருக்கு நேரே வேலை நாள் பூஜ்யம் என்று அடித்ததும் நானேதான். அப்பாவைப் பார்த்துக்கொள்ளத்தான் வரவில்லை என்று எழுத அந்தப் பெட்டியில் இடம் கிடையாது.

அன்றிரவு நாங்கள் அவளுடைய விட்டுப்போன ஷிப்டுகளை அந்தக் காலத்து ரேட்டில் போட்டுப் பார்த்தோம். ஆஸ்பத்திரி பில்லை அது தாண்டவில்லை. மருந்துக்கடை, பிசியோதெரபி இரண்டையும் சேர்த்ததைவிடக் கூடுதலாக வந்தது. மகள் வாயடைத்துப் போனாள். நான் மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்த்தேன். அதேதான் வந்தது.

எல்லாவற்றையும் கணக்கில் ஏற்ற முடியாது என்பதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எங்காவது ஒரு கோடு போட்டே ஆக வேண்டும். நம் நாட்டு மொத்த உற்பத்திக் கணக்கிலேயே சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு இடமில்லை. அதோடு சதவீதம் போட்டுப் பார்க்கிற சுகாதாரக் கணக்கில் மட்டும் தங்கச்சியைச் சேர்த்தால் தொகுதியும் பகுதியும் பொருந்தாது. ஒரு நாட்டை இன்னொரு நாட்டோடு ஒப்பிடவும் முடியாமல் போகும். கோடு கோணலாக இருந்தாலும் எல்லோரும் ஒரே கோட்டைப் போட்டால் சில காரியங்கள் நடக்கும். அப்படி நடந்த ஒன்றை மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இங்கிலாந்தில் 1948-இல் அனைவருக்கும் இலவச வைத்தியம் தொடங்கினார்கள். சில வருடத்திலேயே செலவு எகிறுகிறது, நாடு தாங்காது என்று ஒரே கூச்சல். விசாரிக்க கில்போ (Guillebaud) என்பவர் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். பிரையன் ஏபல்-ஸ்மித் என்ற இளைஞரும் ரிச்சர்ட் டிட்மஸ் என்ற பேராசிரியரும் உட்கார்ந்து கணக்கைப் பிரித்தார்கள். ரூபாய்க்கணக்கில் ஏறியது உண்மை. ஆனால் நாட்டு வருமானத்தோடு வைத்துப் பார்த்தால் 1949-50-இல் மூன்றேமுக்கால் சதவீதமாக இருந்தது 1953-54-இல் மூன்றேகாலாகக் குறைந்திருந்தது. 1956-இல் அறிக்கை வந்தபிறகு வெட்ட நினைத்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அதே ஏபல்-ஸ்மித்தை உலக சுகாதார நிறுவனம் அழைத்து ஆறு நாடுகளின் வைத்தியச் செலவைக் கணக்குப் போடச் சொன்னது. 1963-இல் வந்த அந்தப் புத்தகத்தில் இலங்கையும் ஒன்று. நாடுகள் தங்கள் சுகாதாரச் செலவை ஒரே முறையில் எழுதத் தொடங்கியதன் விதை அங்கே இருக்கிறது. ரூபாய்க்கணக்கு என்றேன், பவுண்டுக்கணக்கு என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள், பழக்கதோஷம்.

எனவே கோட்டோடு எனக்குச் சண்டையில்லை. கோட்டை மறந்துவிட்டுக் கூட்டுத்தொகையை மட்டும் படிப்பதுதான் உறுத்துகிறது.

நம் நாட்டில் இந்தக் கணக்கைப் பற்றி அதிகம் பேசப்படும் எண் ஒன்று உண்டு. மொத்தச் செலவில் மக்கள் கைக்காசாகக் கொடுப்பது எவ்வளவு என்பது. அப்பா படுத்த 2013-14-இல் அது நூற்றுக்கு 64.2. 2021-22-இல் 39.4. எட்டு வருடத்தில் கால் பங்குக்குச் சமமான சுமை இறங்கியிருக்கிறது என்றால் கொண்டாட வேண்டியதுதான். இதே காலத்தில் அரசின் பங்கு 28.6-லிருந்து 48-க்கு ஏறியிருக்கிறது. கொரோனா ஆண்டுகளில் அரசு பையை அவிழ்த்ததும் அதில் உண்டு. நான் மட்டும் ஆண்டுவாரியாக எழுதிப் பார்த்தேன். 2016-17-இல் 58.7. அடுத்த வருடமே 48.8. ஒரே ஆண்டில் பத்துப் புள்ளி. எந்தக் கம்பெனிக் கணக்கிலாவது ஒரு செலவு இப்படி விழுந்தால், சந்தோஷப்படும் முன்னால் வவுச்சரைக் கொண்டு வா என்பேன்.

வவுச்சர் என்னவென்றால், அந்த இடத்தில் அடிப்படை ஆய்வே மாறியிருக்கிறது. அதுவரை 2014-இல் ஆறு மாதம் நடந்த 71-ஆவது சுற்று. அதற்குப் பிறகு 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை ஓராண்டு நடந்த 75-ஆவது சுற்று. அதில் 1,13,823 வீடுகள். பிந்தைய ஆண்டுகளின் கைக்காசுக் கணக்கும் இந்தச் சுற்றின் மேல் நிற்பதுதான். பொருளாதார அறிஞர்கள் இதைப் பற்றி நிறைய வாதாடியிருக்கிறார்கள். அதில் தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் என் தொழிலில் ஒரு செலவுத் தலைப்பு குறைவதற்கு என்ன காரணம் இருக்கலாம் என்று தெரியும். வேறொருவர் கட்டியிருக்கலாம். விலை இறங்கியிருக்கலாம். வாங்காமலே விட்டிருக்கலாம். மூன்றும் பேரேட்டில் ஒரே மாதிரிதான் தெரியும். ஆர்டர் அவசரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் கர்ப்பப்பை வலியை மூன்று சீசன் தள்ளிப்போட்ட செக்கிங் அக்காக்கள் எத்தனை பேரை எனக்குத் தெரியும். அந்த வருடங்களில் அவர்களுடைய வைத்தியச் செலவு பூஜ்யம். நோயே இல்லாதவருக்கும் பூஜ்யம்.

இன்னொன்று, அப்பா விஷயத்தோடு சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியை நான்கு நாள் முன்னதாக வீட்டுக்கு அனுப்பினால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மிச்சம், அரசாங்கமாக இருந்தால் அரசாங்கத்துக்கு மிச்சம், நாட்டின் கணக்கிலும் மிச்சம். திட்டம் போடுகிறவர் அதைச் சிக்கனம் என்றே படிப்பார்; அவர் முன்னால் இருக்கும் தாளில் அப்படித்தான் இருக்கும். அந்த நான்கு நாளின் வேலை எங்கும் போய்விடவில்லை. ஏதோ ஒரு வீட்டில் யாரோ ஒருத்தி ஷிப்டை விட்டுவிட்டு அதைச் செய்துகொண்டிருப்பாள். செலவு குறையவில்லை; கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டது, அவ்வளவுதான். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் போனதன் காரணம் எனக்கு இந்த இடத்தில்தான் பிடிபட்டது. அன்று நாங்கள் அப்பாவைச் சீக்கிரம் வீட்டுக்கு அழைத்து வந்தது என் யோசனை. நாள் வாடகை மிச்சம் என்று நோட்டில் அதைக் குறித்தும் வைத்திருந்தேன்.

இந்தக் கணக்கை ஒழுங்காக எழுதிப் பயன்படுத்திக்கொண்ட நாடுகள் இருக்கின்றன. தாய்லாந்து தொண்ணூறுகளிலிருந்தே எழுதிவருகிறது. அங்கே கைக்காசு மூன்றில் ஒரு பங்காக இருந்த காலத்தில், 2001-இல், ஒரு முறை வைத்தியத்துக்கு 30 பாட் என்று திட்டம் தொடங்கினார்கள். தலைக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று பேசுவதற்கு அவர்கள் கையில் கணக்கு இருந்தது. இன்று கைக்காசு சுமார் பத்தில் ஒரு பங்கு. நம் 2017 தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-க்குள் அரசு செலவை நாட்டு உற்பத்தியில் இரண்டரை சதவீதமாக்குவோம் என்றது. 2021-22 கணக்குப்படி 1.84 வரைதான் வந்திருந்தது. சொன்னதையும் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிவதே இப்படி ஒரு பேரேடு இருப்பதால்தான்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தபோது, பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும் என்றார்கள். எங்கள் தெருவில் படுத்திருந்த ஒரு பெரியவர் வீட்டுக்கு வந்தும் இருக்கிறார்கள். அப்பா காலத்தில் என் நோட்டில் கைக்காசாக ஏறிய ஒரு வரி அதன்பிறகு அரசின் பக்கம் போயிருக்கிறது. அந்த வரி நோட்டில் இருந்ததால் இடம்மாறியது தெரிகிறது. இல்லாத வரி எந்தப் பக்கம் மாறும்? பகல் முழுக்க ஆள் வேண்டும் என்கிற தேவை நான் பார்த்த எந்தத் திட்டத்தின் மதிப்பீட்டிலும் வரவில்லை. நாடு முழுக்க மக்கள் தங்கள் பொழுதை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று 2019-லும் 2024-லும் ஆய்வு எடுத்திருக்கிறார்கள். வீட்டில் பராமரிப்புக்குப் பெண்கள் கொடுக்கும் நேரம் அதில் எழுதப்பட்டிருக்கிறது. சுகாதாரக் கணக்கின் கூட்டலில் அதைச் சேர்க்க வேண்டாம். அதே புத்தகத்தில் எதிர்ப்பக்கத்தில் அச்சடித்தால் போதும் என்பது என் கட்சி. மகள் தன் கட்டுரையில் இதை எழுதினாள். ரூபாயையும் மணிநேரத்தையும் கலக்கிறாய் என்று ஆசிரியர் ஓரத்தில் குறித்திருந்தார். கலக்கவில்லை, பக்கத்தில் வைக்கிறோம் என்று அவள் மறுபடி எழுதிக் கொடுத்தாள். நல்ல மதிப்பெண் போட்டார்கள் என்று சொல்ல ஆசைதான், சுமாராகத்தான் போட்டார்கள்.

போன வருடம் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. இந்த முறை அட்டை செல்லுபடியாகும் இடத்துக்கே போனோம். ஆபரேஷன் செலவு பெரும்பாலும் காப்பீட்டில் போய்விட்டது. புது நோட்டு ஒன்று போட்டேன். இடப்பக்கம் வழக்கம்போல் ரூபாய். வலப்பக்கம் யார், எந்தத் தேதி, எத்தனை ஷிப்ட். என் மனைவி பகல், தங்கச்சி ஒருநாள் விட்டு ஒருநாள், அண்ணன் மகன் இரவு. நானும் சில நாள் இருந்தேன். என் பெயரும் வலப்பக்கத்தில் இருக்கிறது, அதிகமில்லை. இரண்டு பக்கத்தையும் கூட்டி ஒன்றாக்குவதில்லை. கடைசியில் மட்டும், தெரிந்துகொள்வதற்காக, வலப்பக்கத்து ஷிப்டுகளுக்கு அடியில் பென்சிலால் ஒரு ரேட் போட்டு வைத்தேன்.

அம்மா நடக்க ஆரம்பித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடியபோது நோட்டு கை மாறியது. அண்ணன் இடப்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கொடுத்தார். தங்கச்சி வலப்பக்கத்தை விரல் வைத்துப் படித்தாள். தன் பெயருக்கு நேரே வந்ததும் நின்றாள்.

"ஏண்ணா, இது பழைய ரேட்டாச்சே. சம்பள ஒப்பந்தத்துக்கு அப்புறம் ஓவர்லாக்குக்கு ஏத்திட்டாங்களே, நீங்கதான சம்பளம் போடறீங்க, உங்களுக்குத் தெரியாதா? அதும்போக, ஆபரேஷன் அன்னிக்கு நான் ராத்திரி பத்து மணி வரைக்கும் இருந்தனுங்க. ஒண்ணுன்னு போட்டிருக்கீங்க. ஒன்றரை."

பென்சிலை அழித்துவிட்டு எழுதினேன். ரேட் விஷயத்தில் அவள் சொன்னது சரி. பத்து மணி விஷயத்தில் ஒன்பதரை என்றுதான் என் ஞாபகம். அதை விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.